லாக் ஃபைலை எங்கே வெட்டுவது, எப்போது அழிப்பது: தேதியும் அளவும் சேர்ந்த ரோலிங் அமைப்பு

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குள் போய் வட்ட மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். துணி குழாய் மாதிரி இறங்கி, அடியில் இருக்கும் உருளையில் சுற்றிக்கொண்டே இருக்கும். இத்தனை சுற்று ஆனதும் நிற்க வேண்டும் என்று கவுன்டரில் வைத்திருப்பார்கள். மெஷின் நின்றதும் ஆப்பரேட்டர் துணியை அறுத்து, ரோலை வெளியே எடுத்து, எடை போட்டு, ஓரத்தில் மெஷின் நம்பர், தேதி, ஷிப்ட் எல்லாம் எழுதி வைப்பார். நாலு நாள் கழித்து துணியில் கோடு விழுந்திருப்பது தெரியவந்தால், அந்த எழுத்தைப் பார்த்தே எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று பிடித்துவிடலாம்.

லாக் ஃபைலுக்கும் இதையேதான் செய்கிறோம். அப்ளிகேஷன் தான் செய்வதை எல்லாம் வரி வரியாக ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகிறது. அந்த ஃபைல் குறிப்பிட்ட அளவை எட்டினாலும் சரி, நாள் மாறினாலும் சரி, அங்கே வெட்டி, தேதியும் வரிசை எண்ணும் போட்டு ஓரமாக வைத்துவிட்டுப் புது ஃபைலைத் தொடங்க வேண்டும். இதற்குத்தான் ரோலிங் என்று பெயர். ரொம்பப் பழசானதை அழிப்பதும் இதில் அடக்கம். புதிதாக வருகிறவர்கள் மறந்துவிடுவது அந்தக் கடைசி வேலையைத்தான். வெட்டச் சொல்லிவிட்டு அழிக்கச் சொல்லாமல் விட்டால், ஒரு பெரிய ஃபைலுக்குப் பதில் ஆயிரம் சின்ன ஃபைல்கள் டிஸ்க்கை நிரப்பும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை என்றால் வாரச் சம்பள நாள். பீஸ் ரேட் கணக்குப் போடும் ஒரு அப்ளிகேஷனை நான்தான் அமைத்திருந்தேன். சோதனைக்காக வைத்த டீபக் லெவலை (சின்ன விவரத்தையும் விடாமல் எழுதவைக்கும் அமைப்பு) மாற்றாமல், ரோலிங்கும் வைக்காமல் வந்துவிட்டேன். ஏழு மணிக்குக் கணக்குப் பார்க்கும் அக்காவிடமிருந்து போன்.

"ஏனுங்க தம்பி, சம்பளச் சீட்டு வரவே மாட்டேங்குதுங்க. ஆளெல்லாம் வாசல்ல நிக்கறாங்க."

"இதோ பாத்துடறனுங்க அக்கா, அஞ்சு நிமிஷம்" என்றேன். ஐந்து நிமிடத்தில் முடியவில்லை. டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. அதில் 41 ஜிபி ஒரே ஒரு லாக் ஃபைல். அப்ளிகேஷன் எந்த வரியை எழுதும்போது திணறியது என்று பார்க்கலாம் என்றால் அவ்வளவு பெரிய ஃபைலை எந்த எடிட்டரும் திறக்கவில்லை. சரி, ஃபைலையே அழித்தேன். அழித்த பிறகும் டிஸ்க் நிரம்பியே இருந்தது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். ஒன்பது மணிக்கு மேல்தான் சீட்டு அச்சானது. அதற்குள் ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸை விட்டவர்கள் பதினைந்து பேருக்கு மேல். சம்பளக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவர்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

## முதலில் ஒரு வாரம் அளந்து பாருங்கள்

எத்தனை எம்பிக்கு வெட்டலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு லாக் வருகிறது என்பதைத்தான். அது தெரியாமல் வைக்கிற எந்த எண்ணும் ஊகம்தான்.

அளப்பதற்கு முன் லெவலைச் சரிபாருங்கள். வாடிக்கையாளர் இடத்தில் ஓடுகிற அப்ளிகேஷனுக்கு, முக்கியமானதை மட்டும் எழுதும் இன்ஃபோ லெவல் போதும். டீபக் வைத்தால் டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு கேள்வியும் லாக்கில் வந்து விழும். அப்புறம் ஏழு நாள் ஓடவிட்டு, தினமும் காலையில் ஃபைல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று குறித்து வையுங்கள். ஏழு நாளும் முக்கியம். நம் ஊரில் நாளுக்கு நாள் வித்தியாசம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மெஷினே ஓடாது, சனிக்கிழமை சர்வர் தலைதெறிக்க ஓடும்.

ஒரு உதாரணக் கணக்கு. ஒரு வரி சராசரியாக 200 பைட். நாளைக்கு 5 லட்சம் வரி வந்தால் 10 கோடி பைட், அதாவது ஏறக்குறைய 100 எம்பி. சனிக்கிழமை அதுபோல இரண்டு மடங்கு, 200 எம்பி. முப்பது நாளில் நாலு ஞாயிறு கழித்து, நாலு சனிக்கு 800, மீதி 22 நாளுக்கு 2,200, ஆக மொத்தம் 3,000 எம்பி. மாதம் 3 ஜிபி. லாக் என்பது ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும் எழுத்து என்பதால் ஜிஜிப்பில் சுருக்கினால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். அப்படியானால் மாதம் 300 எம்பி.

இது நல்ல நாள் கணக்கு. கெட்ட நாளையும் போட்டுப் பாருங்கள். டேட்டாபேஸ் தொடர்பு அறுந்து, அப்ளிகேஷன் விடாமல் முயன்று முயன்று, விநாடிக்கு 2,000 வரி பிழையை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 4 லட்சம் பைட், மணிக்கு 1.44 ஜிபி, ஒரு நாளைக்கு 34 ஜிபிக்கு மேல். தேதியை மட்டும் வைத்து ரோல் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அன்றைய நாள் முடிவதற்குள் அந்த ஒரு ஃபைலே டிஸ்க்கை முடித்துவிடும். அளவை மட்டும் வைத்தவர்களுக்கு வேறு தொல்லை. டிஸ்க் பிழைக்கும். ஆனால் போன செவ்வாய்க்கிழமை மதியம் என்ன நடந்தது என்று கேட்டால், வெறும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்த இருபது ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியிருக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து வைக்கச் சொல்கிறேன், மூன்றாவதாக மொத்த வரம்பு ஒன்றையும்.

## அமைப்பை எழுதுவது

ஜாவாவில் அப்ளிகேஷன் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட்டும், அதோடு வரும் லாக் எழுதும் நூலகமான லாக்பேக்கும் வைத்துச் சொல்கிறேன். நான் அதிகம் புழங்குவது அதில்தான். சைட்டில் நிற்கும் பையன்களுக்குப் போனில் சொல்வது போலவே எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் பூட் எதுவும் சொல்லாவிட்டால் திரையில் மட்டும்தான் எழுதும், ஃபைலில் எழுதாது. ஆகவே அப்ளிகேஷன் டாட் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலைத் திறந்து, முதல் வரியில் "லாக்கிங் டாட் ஃபைல் டாட் நேம்" என்று போட்டு, சமக்குறிக்குப் பிறகு ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் அப்ளிகேஷன் எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கியதோ அங்கே போய் ஃபைல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதைத் தேடி அலைய வேண்டும்.

அடுத்த ஐந்து வரிகளும் "லாக்கிங் டாட் லாக்பேக் டாட் ரோலிங்பாலிசி டாட்" என்றே தொடங்கும். அதற்குப் பின்னால் வருவதுதான் மாறும். சொற்களுக்கு நடுவில் சிறு கோடு.

மேக்ஸ்-ஃபைல்-சைஸ்: ஒரு ஃபைல் எவ்வளவு வளரலாம் என்பது. ஒன்றும் போடாவிட்டால் 10 எம்பி. நான் 20 எம்பி வைக்கிறேன். காரணம் இதுதான்: இந்த ஃபைலைத் திறக்கப் போகிறவர் என் மேஜையில் இல்லை. பெருந்துறையிலோ சென்னிமலையிலோ ஒரு அலுவலகத்தில், பழைய கம்ப்யூட்டரில், சாதாரண நோட்பேடில் திறந்து பார்ப்பார். 20 எம்பி என்றால் திறக்கும். சுருக்கினால் இரண்டு எம்பிக்கு வந்துவிடும், வாட்ஸ்அப்பிலேயே எனக்கு அனுப்பிவிடலாம். மேலே போட்ட கணக்குப்படி சாதாரண நாளில் ஐந்து ஃபைல், சனிக்கிழமை பத்து ஃபைல். தேடுவதற்கு அது சிரமமில்லை. 500 எம்பி வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திறக்க முடியாத லாக் இருந்தும் இல்லாததுதான்.

ஃபைல்-நேம்-பேட்டர்ன்: வெட்டிய ஃபைலுக்கு வைக்கும் பெயர். இதில் இரண்டு குறி கட்டாயம் இருக்க வேண்டும். சதவீதக் குறி போட்டு டி என்றால் தேதி. சதவீதக் குறி போட்டு ஐ என்றால் அந்தத் தேதிக்குள் எத்தனையாவது ஃபைல் என்ற எண். அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பெயர் ஜிஇசட் என்று முடிந்தால் லாக்பேக் தானே ஜிஜிப்பில் சுருக்கிவிடும், தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 5 சனிக்கிழமை மதியம் அந்த ஃபோல்டரில் புதியவை மட்டும் இப்படி இருக்கும்:

கூலி.லாக்
கூலி.லாக்.2025-04-05.2.ஜிஇசட்
கூலி.லாக்.2025-04-05.1.ஜிஇசட்
கூலி.லாக்.2025-04-05.0.ஜிஇசட்
கூலி.லாக்.2025-04-04.4.ஜிஇசட்

முதலில் இருப்பது இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல். மற்றவை அறுத்து வைத்த ரோல்கள்.

மேக்ஸ்-ஹிஸ்டரி: எத்தனை காலம் வைத்திருப்பது. போடாவிட்டால் ஸ்பிரிங் பூட் 7 என்று எடுத்துக்கொள்ளும். இது ஃபைல் எண்ணிக்கை அல்ல, கால எண்ணிக்கை. பேட்டர்னில் தேதி நாள் வரை இருந்தால் 30 என்பது 30 நாள். மாதம் வரை மட்டும் இருந்தால் அதே 30, முப்பது மாதம்.

டோட்டல்-சைஸ்-கேப்: வெட்டிய ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து இதற்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு. போடாவிட்டால் வரம்பே கிடையாது. எல்லாரும் விட்டுவிடும் வரி இது. வெட்டுவதோடு இதையும் வைத்திருந்தால் அந்தச் சனிக்கிழமை தப்பித்திருப்பேன். வரம்பைத் தாண்டினால் ஆகப் பழைய ஃபைலிலிருந்து அழித்துக்கொண்டே வரும். இந்த வரிகளுக்குப் பதில் லாக்பேக்கின் சொந்த அமைப்பு ஃபைலை எக்ஸ்எம்எல்லில் தனியாக எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: மேக்ஸ் ஹிஸ்டரி போட்டிருந்தால்தான் இந்த வரி வேலை செய்யும்.

ஐந்தாவது, க்ளீன்-ஹிஸ்டரி-ஆன்-ஸ்டார்ட். அதைப் பற்றிச் சற்றுக் கீழே.

## ஒரே ஒரு எழுத்து

தேதியை எப்படி எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சரியான வடிவம் இது: சின்ன ஒய் நான்கு, சிறு கோடு, பெரிய எம் இரண்டு, சிறு கோடு, சின்ன டி இரண்டு. இதைச் சதவீதக் குறி, டி இரண்டுக்கும் அடுத்து நெளிவு அடைப்புக்குள் போட வேண்டும்.

பெரிய எம் என்றால் மாதம். சின்ன எம் என்றால் நிமிடம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி சின்ன எம் போட்டுவிட்டான். எவ்வளவு இடைவெளியில் வெட்ட வேண்டும் என்பதை லாக்பேக்கிடம் நாம் தனியாகச் சொல்வதில்லை. பேட்டர்னில் இருக்கும் ஆகச் சிறிய கால அளவைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். நிமிடத்தைக் கண்டதும் நிமிடத்துக்கு ஒரு ஃபைலாக வெட்டத் தொடங்கிவிட்டது. அதைவிடக் கொடுமை, மேக்ஸ் ஹிஸ்டரி 30 என்று வைத்திருந்தானே, அதுவும் 30 நிமிடமாகிவிட்டது. காலை பதினொரு மணிக்கு வந்த புகாருக்குப் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் லாக்கே இல்லை. அவன் வெளிறிப்போய் நின்றான். "எழுத்துதானுங்களே அண்ணா, மாதம்னுதானே போட்டேன்" என்றான். பெயரில் 2023-05-14 என்பது போல ஏதோ ஒன்று இருந்ததால் பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நடுவில் இருக்கும் எண் 12ஐத் தாண்டியதைக் கவனித்திருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம்.

இதற்கு இணையான இன்னொரு பொறி பெரிய ஒய். ஜாவாவில் அது வார ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேர்கிறதோ அந்த ஆண்டு. வருடம் முழுக்கச் சரியாகவே காட்டிவிட்டு டிசம்பர் கடைசியில் காலை வாரும். இங்கே வழக்கமாக இருக்கும் அமைப்பில், 2024 டிசம்பர் 29 ஞாயிறு முதல் 31 வரை மூன்று நாளும் 2025 என்று பெயர் விழும். பெரிய டி போட்டால் மாதத்தின் நாள் வராது, வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற எண் வரும்.

## நாள் எப்போது மாறுகிறது

சர்வர் உங்கள் கம்பெனிக்குள்ளேயே இருந்தால் அதன் கடிகாரம் நம் நேரத்தில்தான் இருக்கும். மேகக் கணினியில் வாடகைக்கு எடுத்தது என்றால் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே அங்கே நள்ளிரவு என்பது இங்கே விடிகாலை 5.30. நைட் ஷிப்ட்டில் ஸ்பின்னிங் மெஷினில் மூன்று மணிக்கு ஏதோ ஆயிற்று என்று இன்றைய ஃபைலைத் தேடினால் கிடைக்காது. அது நேற்றைய தேதியில் இருக்கும், அதுவும் ராத்திரி 9.30 என்ற நேரத்தோடு.

இதைத் தீர்க்க, பேட்டர்னில் தேதி வடிவத்துக்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டு ஏசியா சாய்கோடு கொல்கத்தா என்று நேர மண்டலத்தைச் சேர்த்துவிடலாம். ஒவ்வொரு வரியின் முன்னாலும் விழும் நேரம் வேறு அமைப்பில் இருக்கிறது, அங்கேயும் சேர்க்க வேண்டும். ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டால் ஃபைல் பெயர் ஒன்று சொல்லும், உள்ளே வரி வேறொன்று சொல்லும். அது இரண்டையும் யுடிசியில் விடுவதைவிட மோசம்.

இன்னொன்று. லாக்பேக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அடுத்த லாக் வரி வரும்போதுதான் நாள் மாறிவிட்டதா என்று பார்க்கிறது. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து, திங்கட்கிழமை காலை எட்டரைக்குத்தான் முதல் வரி வருகிறது என்றால், சனிக்கிழமை ஃபைல் வெட்டப்படுவதும் அந்த எட்டரைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபைலைக் காணோமே என்று புதியவர்கள் பதறுவார்கள். பதற வேண்டாம், ஞாயிறு எழுத எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

பழைய ஃபைலை அழிப்பதும் வெட்டும்போதுதான் நடக்கும். சின்ன அலுவலகங்களில் சாயங்காலம் போகும்போது கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் முழுதாக ஓடாத அப்ளிகேஷனில் வெட்டும் நேரம் வராமலே போகலாம், அழிப்பதும் தள்ளிக்கொண்டே போகும். அங்கேதான் க்ளீன்-ஹிஸ்டரி-ஆன்-ஸ்டார்ட்டை ட்ரூ என்று வைக்க வேண்டும். தொடங்கியதும் பழையதைத் துடைத்துவிடும்.

விண்டோஸில் ஓடுகிறது என்றால் ஒரு எச்சரிக்கை. வெட்டுவது என்பது உள்ளபடியே ஃபைலின் பெயரை மாற்றுவதுதான். வேறொரு நிரல் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் விண்டோஸ் பெயர் மாற்ற விடாது. அப்போது ரோலிங் தோற்கும். தனி எக்ஸ்எம்எல் எழுதி, அதில் ஃபைல் என்ற பண்பையே விட்டுவிட்டால், எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலே தேதியும் எண்ணும் போட்ட பெயரில் தொடங்கிவிடும். பெயர் மாற்ற வேண்டிய வேலையே இல்லை.

## எத்தனை நாள் வைப்பது

இதில் நம் விருப்பம் மட்டும் போதாது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் லாக்கை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. சிறு குறு நிறுவனங்களுக்கு அதைச் செயல்படுத்த அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள். அந்த அவகாசம் முடிந்து நாளாகிவிட்டது. ஆகவே நான் இப்போது மேக்ஸ் ஹிஸ்டரி 180 வைக்கிறேன். நம் கணக்குப்படி ஆறு மாதத்துக்கு 18 ஜிபி, சுருக்கினால் 1.8 ஜிபி. மொத்த வரம்பு 4 ஜிபி வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் இடம் இருக்கிறது.

ஆனால் பிழை வெள்ளமாக வரும் அந்தக் கெட்ட நாளில், வரம்பு டிஸ்க்கைக் காப்பாற்றும், பழைய லாக்கைக் காப்பாற்றாது. இடம் வேண்டி ஜனவரி, பிப்ரவரி ஃபைல்களை அழித்துவிடும். அதனால் வெட்டிய ஃபைல்களைத் தினமும் ராத்திரி வேறொரு கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து வையுங்கள். நகல் இருக்கிற தைரியத்தில்தான் வரம்பைக் கண்டிப்பாக வைக்க முடியும்.

ஆறு மாதம் வைக்கப் போகிறோம் என்பதாலேயே லாக்கில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியமாகிவிடுகிறது. தொழிலாளியின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இவற்றை லாக் வரியில் எழுதவே எழுதாதீர்கள். இந்த ஃபைல் வாட்ஸ்அப்பில் சுற்றும் என்று நானே மேலே சொன்னேன். அவர்களுடைய எண் அதோடு சேர்ந்து சுற்றக்கூடாது. டோக்கன் நம்பர் போதும், நாம் ஆளைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

## போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், வெட்டிப் பாருங்கள்

இந்த அமைப்பில் பிழை இருந்தால் அன்றைக்குத் தெரியாது. முதல் முறை வெட்டும்போது தெரியும், இல்லாவிட்டால் முதல் முறை அழிக்க வேண்டிய நாளில் தெரியும். அது ஆறு மாதம் கழித்து. அதனால் காலத்தைச் சுருக்கிச் சோதியுங்கள்.

உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில், அளவை 100 கேபி என்று குறைத்து, தேதி வடிவத்தில் மணியும் நிமிடமும் சேர்த்து, மேக்ஸ் ஹிஸ்டரி 3 வையுங்கள். இப்போது ஒரு நிமிடம் என்பது ஒரு நாள் மாதிரி. ஒரு சின்ன லூப் போட்டு விடாமல் லாக் எழுதிக்கொண்டே இருங்கள். ஆறேழு நிமிடம் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாமே கண் முன்னால் நடக்கும். ஒரே நிமிடத்துக்குள் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று எண் ஏற வேண்டும். நிமிடம் மாறியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். நாலைந்து நிமிடத்துக்குப் பிறகு பழைய பெயர்கள் மறைய வேண்டும். சுருக்கிய ஒன்றைத் திறந்து பார்த்து உள்ளே வரிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சரியாக 100 கேபியில் வெட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் அளவைப் பார்த்தால் வேகம் குறையும் என்பதால் லாக்பேக்கின் பல பதிப்புகள் அவ்வப்போதுதான் பார்க்கின்றன. சில பதிப்புகளில் இந்த இடைவெளி ஒரு நிமிடம் வரைகூட இருக்கும். அதனால் சோதனையில் எண் ஏறவில்லை என்றால், தேதி வடிவத்தை மணி வரை மட்டும் வைத்து, சில நிமிடம் அதிகம் ஓடவிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்து நிஜ எண்களைத் திருப்பி வைத்த பிறகு, சைட்டில் அந்தச் சர்வரிலேயே ஒரு விஷயம் பார்க்க வேண்டும். அப்ளிகேஷன் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனருக்கு அந்த ஃபோல்டரில் எழுதவும் அழிக்கவும் உரிமை இருக்கிறதா? உங்கள் கணினியில் எல்லாம் நடக்கும், அங்கே உரிமை இல்லாமல் வெட்டாது.

## வேறு கருவியில் வேலை செய்கிறவர்களுக்கு

டாட்நெட்டில் சீரிலாக் என்ற லாக் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு இயல்பு அமைப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஃபைல் 1 ஜிபி ஆனதும் அது எழுதுவதை நிறுத்திவிடும். அடுத்த ஃபைலுக்குப் போக வேண்டும் என்றால் ரோல் ஆன் ஃபைல் சைஸ் லிமிட் என்பதை நீங்கள்தான் ட்ரூ ஆக்க வேண்டும். பழைய ஃபைல் 31 வைத்திருக்கும் என்பதை 31 நாள் என்று படித்துவிடாதீர்கள், அது 31 ஃபைல். சனிக்கிழமைக்குப் பத்து ஃபைல் போகிற இடத்தில் அது ஒரு வாரத்துக்குக்கூட வராது.

டாட்நெட்டின் இன்னொரு லாக் நூலகமான லாக்ஃபோர்நெட்டில் தேதியும் அளவும் சேர்த்து வைத்தால், பழைய ஃபைல் எண்ணிக்கை வரம்பு அந்தந்தத் தேதிக்குள் மட்டும்தான் செல்லும். நேற்றைய ஃபைல்களை அது தொடாது. தனியாக ஒரு வேலையைப் போட்டுத்தான் அழிக்க வேண்டும்.

பைத்தானில் உடன் வரும் நூலகத்தில் அளவுக்கு ஒரு ஹேண்ட்லர் (லாக்கை ஃபைலில் எழுதும் பகுதி), நேரத்துக்கு ஒரு ஹேண்ட்லர், இரண்டும் தனித்தனி. அளவு ஹேண்ட்லரில் பேக்கப் கவுன்ட் பூஜ்யமாக இருந்தால் அளவு எவ்வளவு வைத்தாலும் வெட்டவே வெட்டாது. நேர ஹேண்ட்லரில் அதே பூஜ்யம் என்றால் வெட்டும், அழிக்காது.

பழைய மில் மென்பொருள்களில் ஜாவாவின் இன்னொரு லாக் நூலகமான லாக்ஃபோர்ஜேயின் முதல் பதிப்பு இன்னும் ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2015 ஆகஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. அதில் ஃபைலில் எழுதித் தினசரி வெட்டும் பகுதியான அப்பெண்டருக்குப் பழையதை அழிக்கத் தெரியாது. இரண்டாம் பதிப்பு என்றால், 2021 டிசம்பரில் வெளிவந்த பெரிய பாதுகாப்பு ஓட்டைக்குப் பிந்தைய பதிப்புதானா என்று முதலில் பாருங்கள், ரோலிங் அப்புறம்.

லினக்ஸில் லாக்கை வெட்டுவதற்கென்றே லாக்ரொட்டேட் இருக்கிறதே என்பீர்கள். நல்ல கருவிதான். அதில் டெய்லி, சைஸ் இரண்டையும் போட்டால் ஒன்று மற்றொன்றை அடித்துவிடும். இரண்டும் வேண்டும் என்றால் டெய்லியோடு மேக்ஸ்சைஸ் போட வேண்டும். வழக்கமாக அது ஒரு நாளைக்கு ஒரு முறைதான் ஓடும் என்பதால் அளவையும் அப்போதுதான் பார்க்கும். மணிக்கு ஒரு முறை ஓட வைத்தால்தான் மேக்ஸ்சைஸுக்குப் பொருள் உண்டு. அப்ளிகேஷனும் வெட்டி, லாக்ரொட்டேட்டும் வெட்டி என்று ஒரே ஃபைலில் இரண்டு பேரைக் கைவைக்க விடாதீர்கள்.

## இன்றைக்கே டிஸ்க் நிரம்பிக் கிடந்தால்

அந்தச் சனிக்கிழமை நான் செய்த தப்பு இதுதான். லினக்ஸில் ஒரு ஃபைலை அழித்தால் பெயர் மட்டும்தான் உடனே போகும். அதை ஒரு அப்ளிகேஷன் திறந்து வைத்திருந்தால், அது கையை விடும் வரை இடம் திரும்பி வராது. ஃபோல்டரில் ஃபைல் இல்லை, டிஸ்க்கோ நிரம்பியே இருக்கிறது என்று நான் முக்கால் மணி நேரம் வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

அழிக்காதீர்கள், காலி செய்யுங்கள். முதலில் அந்த ஃபைலின் கடைசி ஆயிரம் வரியை டெயில் கட்டளையால் எடுத்து, வேறு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ போட்டு வையுங்கள். என்ன ஆயிற்று என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. பிறகு ட்ரன்கேட் கட்டளை, மைனஸ் எஸ், பூஜ்யம், ஃபைல் பெயர். அந்த நொடியே இடம் வந்துவிடும், அப்ளிகேஷனை நிறுத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே அழித்துவிட்டீர்கள் என்றால் எல்எஸ்ஓஎஃப் கட்டளை, பிளஸ், பெரிய எல், ஒன்று. அழித்த பிறகும் யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். அந்த அப்ளிகேஷனை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். டேட்டாபேஸ் தன்னால் எழுந்துவிட்டதா என்று பார்த்து, ஒரே ஒரு சம்பளச் சீட்டை அச்சடித்து, அக்காவுக்குப் போன் போட்டு வரிசையை உள்ளே விடச் சொல்லுங்கள்.